சமனில் மட்டும்

மூன்று கியர் ஒட்டோ வேன்.
யப்பானில் ஆஸ்பத்திரிக்கு ஓடியதாம்;
பின்கதவில் எவ்வளவு உரசியும் போகாத
நான்கு எழுத்துகள்.
நோய் என்றா, அவசரம் என்றா, யாருக்குத் தெரியும்.

ஏற்றத்தில் அதைக் குறை சொல்ல முடியாது.
நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரை
இரண்டில் முனகி, மூன்றைத் தொட்டு,
இரண்டுக்கே திரும்பி, எப்படியோ ஏறிவிடும்.
தொல்லை எல்லாம் கரவனல்லைக்குக் கீழே.
பாதை நிமிரும், இதற்கு நிமிரத் தெரியாது.
எழுபதைத் தாண்டினால்
பேணிக்குள் வண்டைப் போட்டு மூடியது போல ஒரே கத்தல்.
ஞாயிறு ராத்திரி பதினொரு பிள்ளைகள்,
திங்கள் விடிய கட்டுநாயக்கவில்
மெஷினில் உட்கார வேண்டியவர்கள்.
ஒருத்தியும் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஸ்டாண்டில் சிரித்தார்கள்:
"மலையில இருந்துகிட்டு ஓவர்டிரைவா?
மொதல்ல ரோட்ட நிமித்திட்டு வாங்க."

சீட்டு எனக்கு மாசியில் விழுந்தது.
பஞ்சிகாவத்தையில், எண்ணெய் சொட்டும் குவியலுக்குள்
மஹ்ரூப் நானா கையை விட்டு
ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது உயிரோட இருக்கு" என்றார்.

டிக்கோயா கராஜில் மூன்று நாள்.
மூன்று நாளும் மழை.
பழையதை இறக்கியபோது
கருகிய வாசனையோடு கறுத்த ஒயில் வந்தது.
புதியது, ஒரு பேச்சுக்குத்தான் புதியது,
ஐந்து அங்குலம் நீளம்.
தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னே தள்ளி
சேசியில் வேறு துளை போட்டோம்.
ஷாஃப்டில் ஐந்து அங்குலம் வெட்டி ஒட்ட
கம்பளை லேத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன்.
கொண்டக்டர் அதற்கும் அரை டிக்கட் கிழித்தான்.

கொன்வேட்டர் உட்கார மறுத்தது.
"அவசரப்பட்டு போல்ட்ட இறுக்கினா பம்ப் ஒடஞ்சிடும்."
மடியில் தாங்கி, கண்ணை மூடி, சுழற்றினார்.
ஒரு டொக்.
இன்னும் கொஞ்சம். இன்னொரு டொக்.
"இன்னும் ஒண்ணு பாக்கி."
தகரத்து மழையில் அந்த மூன்றாவது எனக்குக் கேட்கவில்லை.
அவர் விரலுக்குக் கேட்டது.

கடைசியில் சுவிட்ச்.
ஏதோ லொறியின் வைப்பர் பொத்தான்.
"ஏத்தத்துல ஓஃப். எறக்கத்துலயும் ஓஃப்,
இல்லாட்டி பிரேக் எரிஞ்சிடும். சமன்ல மட்டும் ஓன்."
"நம்ம பக்கம் சமன் எங்க நானா?"
"அது ஒங்க தலவலி."

அந்த ஞாயிறு
கினிகத்தேனை வளைவெல்லாம் பழைய மூன்றிலேயே இறங்கினேன்.
கரவனல்லை தாண்டி, பயந்து பயந்து, அழுத்தினேன்.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு யாரோ பேணியைத் திறந்து
வண்டை வெளியே விட்டார்கள்.

அதன் பிறகு எல்லாம் கேட்டது.
கண்ணாடியில் தூறல். டயருக்கடியில் தண்ணீர்.
முன்சீட்டுப் பிள்ளையின் சின்னக் குறட்டை.
(அதற்காகவே அந்தச் சீட்டுப் பணம்.)
அதற்கும் பின்னால்
மூக்குறிஞ்சும் சத்தம்.
தடிமன் என்று நினைத்தேன்.
துணியைக் கடித்துக்கொண்டு வருகிற மூச்சு அது.

கண்ணாடியில் பார்த்தேன்.
கடைசி வரிசை, ஜன்னலோரம், மேல்பிரிவு ஜெசிந்தா.
இரண்டு வருடமாக அதே இடம்.
இரண்டு வருடமாக ஹட்டன் வரை
எல்லாருடைய சிரிப்புக்கும் முன்னால்
அவள் சிரிப்புத்தான் கேட்கும்.
ஹட்டனுக்குப் பிறகு எஞ்சின்தான் கேட்டிருக்கிறது.

அவளுக்கும் தெரிந்துவிட்டது.
சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்,
விளக்குப் போட்ட அறையில் அகப்பட்டவள் மாதிரி.
ஒரு மைல்கல். இன்னொன்று.
அவள் விடவில்லை.

பொத்தானை அழுத்தினேன்.
வண்டி மூன்றுக்கு இறங்கிக் கத்தத் தொடங்கியது.
முன்சீட்டுப் பிள்ளை விழித்து "என்னண்ணே?" என்றாள்.
"புதுசுதானே" என்றேன்.
அவிசாவளை தாண்டியும் அப்படியே ஓட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மஹ்ரூப் நானா கேட்டார்,
லீற்றருக்கு எத்தனை ஓடிச்சு?
"ஒம்பது."
"பன்னெண்டு வரணுமே. சுவிட்சக் கழட்டிப் பாக்கணும்."
வேண்டாம் என்றேன்.
சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது.