காற்று புகாமல்

டயகமவில் பனி கொட்டினால்
நெருப்பு வைத்ததைப் போல் கருகும் புல்,
ஒரே ராத்திரியில்.
அதனால் கார்த்திகையிலேயே,
மழை விட்ட இரண்டு நாளில் அறுத்தோம்:
ஓடையோரத்துக் கினிப்புல்,
பாதி மணி பிடித்த சோளம்.

வெட்டும் மிசின் இரைச்சலில்
நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லையாம்.
கிடாரியை விற்க வேண்டாம் என்றேன்.
கேட்டிருக்கும்.

நீலப் பீப்பா. ஒரு சாண் புல்,
மேலே பாணி கரைத்த தண்ணீர்.
அவர் இறங்கினால் ஏறி வரமாட்டார் என்று
நான்தான் உள்ளே நின்று மிதித்தேன்.
“காற்று இருந்தால் பூசணம்” என்றிருந்தார் மிருக வைத்தியர்.
குதிகாலை ஊன்றி ஓரமோரமாக மிதித்தேன்,
அவரிடம் பேசாததையெல்லாம் சேர்த்து.

மூடியை இறுக்கி, சைக்கிள் டியூப்பால் கட்டி
சாக்குக்கட்டியால் தேதி போட்டார்.
அதன் கீழே ‘பவுணு’ என்று
கிடாரியின் பேரை எழுதினேன் நான்.
அவர் அழிக்கவில்லை.

நாற்பத்தைந்து நாள்.
மலை முழுக்கத் துருப்பிடித்துக் கிடந்தது.
திறந்தோம்: புளித்த மாவும்
பழுத்த அன்னாசியும் கலந்த வாசம்.
தாய்ப்பசு முகர்ந்து பார்த்து
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
“அடி பாவி!” என்றோம்
ரெண்டு பேரும் ஒரே மூச்சில்.

கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது பவுணு.
காது மட்டும் வெளியே தெரிய
பீப்பாவுக்குள் தலையை விட்டது.
பிறகு தாயும் வந்தது, முட்டித் தள்ள.

கீழே பால் லொறி ஹோர்ன் அடித்தது.
கேனைத் தூக்கிக்கொண்டே சொன்னார்,
“இன்னும் ரெண்டு பீப்பா வாங்கணும்.”

எந்தக் காசில் என்று
நான் கேட்கவில்லை.