பதினான்காம் கல்

புயல் நாட்களில் நீர்வாரியம் அழைக்கும்.
டார்ச், ரப்பர் பூட்ஸ், துணைக்கு ஓர் ஆள்.
அழைக்காத இரவுகளிலும் போவேன்,
தனியாக.
கரைக்கு அந்தப் பக்கம் கடல்.
இந்தப் பக்கம், கடலைவிடத் தாழ்வாக,
பீட்ரூட் வயல்கள், தேவாலயம், என் படுக்கை.

இருநூறு மீட்டருக்கு ஒரு கல்,
கல்லுக்கு ஓர் எண்.
எண்ணுக்கு ஒரு பெயர், அது என் ஏற்பாடு.
ஒன்றில் தங்கை நேல்ச்சே, அவளுடைய சிறுநீரகங்கள்.
இரண்டில் போதகர். பாவம்,
அவர் பிரசங்கத்தைக் கடக்க
எனக்கு மூன்று பெப்பர்மின்ட் ஆகிறது.
நான்கில், மிடல்பர்க் ரயிலடியில்
அழுதுகொண்டிருந்த ஒரு பையன்.
ஆறு வருடமாயிற்று. மீசை முளைத்திருக்கும்.
நானோ இன்னும் அந்த அழுத முகத்தைத்தான்
கர்த்தரிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.
வேறு முகம் என்னிடம் இல்லை.

எட்டாவது கல் மரீனஸுக்கு இருந்தது.
எங்கள் சபையில்
இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை.
அதனால் அங்கே ஒன்றும் சொல்லாமல்
கொஞ்சம் நிற்பேன்.
அது ஜெபமா என்று யாரும் கேட்டதில்லை.

பதினான்கில் க்ரைன் போஸ்லார்.
எல்லை வாய்க்காலை
மூன்றடி என் பக்கம் தள்ளி வெட்டியவன்.
பதினைந்தில் அவன் நாய்.
நாயோடு எனக்குத் தகராறில்லை.

க்ரைன் பெயரை முதலில் சொல்லத்தான் செய்தேன்,
மருந்தை விழுங்குவதுபோல்.
பிறகு குளிர் என்றேன்.
பிறகு அந்தக் கல் வரும்போதெல்லாம்
சரிவில் படுத்த ஆடுகளை எண்ண ஆரம்பித்தேன்.

மனம் உருகினால் ஜெபிக்கலாம் என்றிருந்தால்
நவம்பர் முழுக்கப் போர்வைக்குள் கிடந்திருப்பேன்.
பாதி இரவுகள்
பூட்டிய கடையைத் தட்டுவதுபோலத்தான்.
கரை காப்பவளுக்கு நல்ல இரவு என்பது
ஒன்றும் நடக்காத இரவு.
ஒன்றும் நடக்காததற்கு
யாரும் எனக்கு நன்றி சொல்வதில்லை.
நானும் அவருக்குச் சொன்னதில்லை என்று
ஒருநாள் மூன்றாம் கல்லருகே உறைத்தது.
திரும்பிப் போய்
முதல் கல்லிலிருந்து நடந்தேன்.

ஜனவரியில் வடமேற்குக் காற்று.
வாரியம் எனக்குத் தந்த துணை,
க்ரைன்.
பதின்மூன்று கல் வரை ஒரு பேச்சில்லை.
பதினான்கைத் தாண்டி, உட்சரிவில்,
புல் மினுங்கியது.
குனிந்தேன். கசிவு.
தெளிந்த நீரென்றால் பயமில்லை.
உள்ளங்கையில் ஏந்தினேன்:
மணல்.

தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள்.
கஸ்தூரி எலி தோண்டிய வளை அது.
எலிக்கு எங்கள் வாய்க்கால் வழக்கு தெரியாது.
ஆனால் அந்த இடத்தில் நான் குனிந்து
எத்தனை மாதம்?
பெயரைத் தாண்டிப் போனவள்
புல்லையும் தாண்டிப் போயிருக்கிறேன்.

விடிகாலை நான்கு மணி வரை மணல்மூட்டை.
அவன் வாயைப் பிடித்தான், நான் கட்டினேன்.
இடையிடையே ஏதோ முணுமுணுத்தான்,
வசையா ஜெபமா,
காற்றில் கேட்கவில்லை.
நான் சத்தமாகவே ஜெபித்தேன்.
அழகான வாக்கியம் ஒன்றும் வரவில்லை.
ஆண்டவரே, பிடியும்.
ஆண்டவரே, இதைப் பிடியும்.
தினமும் நடந்த கால் இருட்டிலும் வழியறிவதுபோல்
அந்த இரண்டு சொல்லும்
தாமாகவே போய்ச் சேரும் இடத்தை
அறிந்திருந்தன.

விடிந்தபோது கடல் பின்வாங்கியிருந்தது.
க்ரைன் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.
“வாய்க்கால் விஷயம் வக்கீல்தான் பேசுவார்.”
“பேசட்டும்” என்றேன்.
ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான்.

மறுநாள் இரவு காற்றே இல்லை.
யாரும் அழைக்கவில்லை.
பதினான்காம் கல்லில், புதுக் களிமண் மேல் நின்று
பெயரை முழுதாகச் சொன்னேன்,
க்ரைன் ஆட்ரியான் போஸ்லார்,
அவசரப்படாமல்.
மூன்றடியையும் சொன்னேன்.
அதை இன்னும் விட்டுவிடவில்லை,
அதையும் சொன்னேன்.
டார்ச்சை அடித்துப் புல்லைப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.

பிறகு பதினைந்து.
நாய்க்கு இப்போது பின்னங்கால் நொண்டுகிறது.