ஓர் எழுத்துக்கு நான்கு பவுண்டு

கார்டிஃபில் மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை
குடையை வாசலில் உதறிவிட்டுத்
தஹாபோ ஒரு தாளை என் மேசைமேல் வைத்தார்.
கணவர் பெயர், இரண்டு தேதிகள்,
கீழே சோமாலியில் ஒரே ஓர் அடி.
எழுத்துகளை எண்ணினேன். என் தொழில் அதுதான்.
பலகைக் கல்லில் எழுத்துக்கு நான்கு பவுண்டு.
புள்ளிக்குக் காசில்லை.

இறப்புச் சான்றிதழில் திரியே.
மாலுமிப் புத்தகத்தில் திரியே.
ஓய்வூதிய அலுவலகத்துக்கும் திரியே.
தாளில் மட்டும் தீரியே,
ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு.
"எழுத்துப் பிழை" என்றேன்.
"ஆமாம், அறுபது வருஷப் பிழை" என்றார்.
"துறைமுகக் குமாஸ்தாவுக்கு அன்று அவசரம்."

என்னிடம் ஒரு யோசனை இருந்தது.
வெல்ஷில் நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதில்லை;
தலைமேல் சின்னக் கூரை ஒன்று வைப்போம்.
கூரைக்கும் காசில்லை.
"வேண்டாம்.
முப்பது வருஷம் கப்பலின் அடிவயிற்றில்
கரி அள்ளிப் போட்டவர்.
போதும் போதும் என்கிற அளவு கூரை பார்த்தாயிற்று."

நானும் விடவில்லை.
இரண்டு கோடுகள் ஒட்டி நின்றால்
பார்ப்பவன் பதினொன்று என்று படிப்பான்,
உளி வழுக்கியதென்று சிரிப்பான்,
சிரிப்பு என்னைத்தான் சேரும்.

அவர் வாதாடவில்லை.
ஈரக் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையால் மேசையைத் தட்டியபடி
அந்த அடியைச் சொன்னார்.
ஒரு சொல்லும் புரியவில்லை எனக்கு.
ஆனால் த வந்தது, நடுவில் மறுபடி த,
வீட்டாள் தட்டுகிற தட்டு.
பிறகு, சான்றிதழில் உள்ளபடி ஒருமுறை.
இருட்டில் இறங்கும்போது
இருக்கும் என்று நம்பிய கடைசிப் படி
இல்லாமல் போனால் முழங்கால் அறியுமே,
அப்படி.

பத்தொன்பது வயதில் நானும் போட்டிக்கு எழுதியவன்.
எங்கள் யாப்பில்
வரியின் முன்பாதியில் வந்த மெய்யெல்லாம்
பின்பாதியிலும் அதே வரிசையில் வந்து நிற்க வேண்டும்,
சம்பள நாளில் பெயர் கூப்பிடுவதுபோல்.
என் ஏழாவது வரியில் ஒரு 'ர்' கூப்பிட்டும் வரவில்லை.
நடுவர் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருந்தார்.
அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்.

"உங்கள் பக்கம் விதி என்ன?"
"முதலடியில் பிடித்த மோனையைக்
கடைசி அடிவரை விடக்கூடாது.
குறில் நெடில் தடுமாறக்கூடாது.
ஆண்கள் கட்டுவதற்கு ஒரு நடை,
பெண்கள் கட்டுவதற்கு வேறு.
இது நான் கட்டியது.
இன்னும் நாற்பது அடி இருக்கிறது,
உங்கள் கல் கொள்ளாது."

வியாழன் முழுக்க அந்த இரண்டு கோடுகள்.
இடைவெளிதான் கஷ்டம்.
நெருங்கினால் ஒரே தடித்த கோடு,
விலகினால் இரண்டு ஆட்கள்.
ஒரு மூச்சு இரண்டு மாத்திரை நிற்கும் தூரம்
என் அளவுகோலில் இல்லை.
வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து
உளியை வைத்தேன்.

நகராட்சியிலிருந்து கடிதம்:
பெயர் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை, விளக்கம் தேவை.
சான்றிதழ் உரைநடையில் இருக்கிறது
என்று பதில் எழுதினேன்.
அதைக் கிழித்துவிட்டு
வேறொன்று பணிவாக எழுதினேன்.

கூடுதல் எழுத்துக்குப் பணம் வேண்டாம் என்றேன்.
தஹாபோ கேட்கவில்லை.
சில்லறையாக எண்ணி வைத்தார்:
கோவ், லபா, சத்தெஹ், அஃபர்.
மோனை தேடிப் பார்த்தேன்.
நாலும் நாலு விதமாக விழுந்தன.
எங்கள் ஊர் எண்களும் அப்படித்தான்.