கப்பலூர்

பேர்தான் கப்பலூர்.
கப்பல் மிதக்க வேண்டாம், ஒரு எருமை முங்கிக் குளிக்க
கம்மாயில் தண்ணீர் கிடையாது.
சுங்கச்சாவடி உண்டு, சிட்கோ உண்டு,
சர்வீஸ் ரோட்டில் என் பைப் கடை உண்டு.

இலக்கைத் தாண்டி அறுபது டன் விற்றதற்குக்
கம்பெனி கொடுத்த பரிசு
கரீபியன் கடலில் ஏழு ராத்திரி.
ஒரு ஆளுக்கு மட்டும்.
"ரொக்கமாத் தர மாட்டீங்களா?" என்றேன்.
ஏரியா மேனேஜர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

தண்ணீரை வேடிக்கை பார்க்கக் காசு செலவழிப்பவனை
நான் நம்புவதில்லை.
தண்ணீர் என்றால் குழாய்க்குள் ஓட வேண்டும்.
இஞ்சுக்கு இவ்வளவு என்று விலை இருக்க வேண்டும்.

மூன்று விமானம் மாறி மியாமி.
நார்த்தங்காய் ஊறுகாயை அங்கே ஒரு அதிகாரியம்மா
மோந்து பார்த்துவிட்டு
அவசரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

கப்பலா அது?
மாட்டுத்தாவணியைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தி
வெள்ளையடித்து, சீரியல் பல்பு போட்டு,
கண்டக்டர்களை மட்டும் இறக்கிவிட்டது மாதிரி.
பதினாறு மாடி.
எந்நேரமும் பந்தி.
இவ்வளவு சாப்பாடு போட்டும்
மொய் எழுத ஒருத்தன் உட்காரவில்லை.
இரண்டு நாள் அந்த நோட்டைத் தேடினேன்.

முதல் ராத்திரி கன்னத்தில் கை வைத்துப் படுத்தவன்
திடுக்கிட்டு எடுத்துவிட்டேன்.
கவிழ்ந்தாலே வைக்கக் கூடாது என்பார்கள்,
மிதக்கும்போது எதற்கு வம்பு.

கடலுக்கு மேலே ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள்.
இவ்வளவு கடலை விட்டுவிட்டு
அதில்தான் குளிக்கிறார்கள்.
மற்றவர்கள் சூரியனைப் பார்த்துக் கிடக்க
நான் குனிந்து வால்வைப் பார்த்தேன்.
பம்பு ரூமுக்குள் விட மாட்டேன் என்ற பிலிப்பைன்ஸ்காரன்
நாப்கினில் வரைந்து காட்டினான்,
உப்பைக் கழற்றிக் குடிநீராக்கும் வித்தையை.
ஒரு இடத்தில் எல்போ தப்பு என்றேன்.
யோசித்து, அழித்துப் போட்டான்.
அந்தப் பயணத்தில் நான் பேசிய ஒரே இங்கிலீஷ் அது.

லிப்டுக்குள் மிதியடி. மிதியடியில் கிழமை.
தினமும் மாற்றுகிறார்கள்,
என்ன கிழமை என்று மறந்து போகிறவர்களுக்காக.
திங்களன்று பார்த்துச் சிரித்தேன்.
வியாழனன்று
குனிந்து படித்தேன்.

கோசுமெல் கரையில் ஒரு அம்மா
மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி விற்றாள்.
டோல்கேட்டில் விற்கிற அதே கீற்று.
மூன்று டாலர்.
மனசுக்குள் ரூபாய்க்கு மாற்றினேன்,
பாதிக் கணக்கிலேயே தின்று முடித்துவிட்டேன்.

ஐந்தாம் ராத்திரி என்ன நடந்தது என்று
மேலூர் டீலர் சேவுகப்பெருமாளைத்தான் கேட்க வேண்டும்.
தகர டிரம்மில் ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான்.
மச்சினன் கல்யாணத்தில்கூட அசையாத கால் இது.
நான் ஆடவில்லை, தளம் ஆடியது
என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.
பாழாய்ப்போனவன் வீடியோ எடுத்திருக்கிறான்.
என் போனுக்கு சிக்னல் வருவதற்குள்
அது திருமங்கலத்துக்கு வந்துவிட்டது.

கடையில் இறங்கியபோது
கல்லாவில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள்.
நான் இல்லாத நாட்களில் நாலே முக்கால் லட்சம் வியாபாரம்.
மூணு வருஷமாக எனக்குத் தண்ணி காட்டிய
கொட்டாம்பட்டி காண்ட்ராக்டர் பாக்கியும் வசூல்.
"என்ன சொன்னே அவன்ட்ட?"
"ஒண்ணும் சொல்லல. அவர் வீட்டு வாசல்ல
சேர் போட்டு உக்காந்தேன்."

பிறகு அவள் முறை.
"எப்படி இருந்துச்சு?"
"சுமார்தான்" என்றேன்.
போனைத் திருப்பிக் காட்டினாள்.
அதற்குள் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள்,
பதினோராவது தடவையும் சிரித்தாள்.

தரை லேசாகச் சாய்ந்தது.
நாலு இஞ்சுக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.
இரண்டு நாள் அப்படித்தான் இருக்குமாம்.
"அடுத்த வருஷ இலக்கு எத்தனை டன்?"
கணக்கு நோட்டைப் பிரித்தபடி கேட்டாள்.
"ஆள் மாத்திக்கலாமான்னும் கேட்டு வைங்க."

நான் வாசல் மிதியடியைப் பார்த்தேன்.
சாக்குதான். எழுத்து இல்லை.
"சோணை, இன்னிக்கு என்ன கிழமைடா?"

"வெள்ளிண்ணே.
லோடு வந்து நிக்குது."