ஆயிரத்துக்கு நாலு

சுங்காய்க்கு வெளியே, செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
இரவு வேலை எனக்கு.
லோரி ஏறும். எண் துடிக்கும். பிறகு நிற்கும்.
நின்ற எண்ணை எழுதுவேன்.
பதினோரு வருடமாய் இதுதான் என் எழுத்து.

இந்த மாதம் ஏழாம் பிரிவுக் குலைகளில்
பத்து டன்னுக்கு நாற்பது கிலோ குறைகிறது.
இரண்டு குலை.
என்சிக் ரொஸ்லான் ஒரு பாரத்தை நீட்டினார்,
‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலி.
சிவநேசன் பெயரை எழுது என்று அவர் சொல்லவில்லை.
பேனாவை மூடாமல் வைத்துவிட்டுப் போனார்.

சிவநேசன் லோரிக்குப் போன மாதம் புது டயர் போட்டான்.
இப்போது அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை,
டயரைத்தான் பார்க்கிறார்கள்.

மணி இரண்டு. மழை. லோரி இல்லை.
கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன்:
எழுபத்திரண்டாம் வருடம், பிரான்சில் ஒரு கிராணி
(வெள்ளை அங்கி போட்டிருந்தாலும்
எனக்கு அவர் கிராணிதான்)
ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யுரேனியத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்.
அதில் எரியும் பங்கு
எந்த நாட்டு மண்ணிலும் ஒரே அளவு,
நிலாக் கல்லிலும் அதே அளவு.
இதில் மட்டும் ஆயிரத்துக்கு நாலு குறைவு.

அங்கேயும் ‘யார் எடுத்தது?’ என்று
யாராவது ஒருவர் பேனாவைத் திறந்து வைத்திருப்பார்.

எடுத்தவர் இல்லை. எரிந்திருந்தது.
இருநூறு கோடி வருடத்துக்கு முன்,
காபோனில், ஓக்லோ என்ற இடத்தில், பாறைக்குள்ளேயே.
தண்ணீர் இறங்கி நியூட்ரானின் ஓட்டத்தைத் தணித்ததும்
பற்றிக்கொண்டது.
நிதானித்தால்தான் பற்றுகிற நெருப்பு அது.
பற்றினால் நீர் கொதிக்கும், ஆவியாகிப் போகும்,
நீர் போனால் நெருப்பும் போகும்.
ஆறிய பிறகு மறுபடி கசியும்.
அரைமணி வேலை, இரண்டரை மணி ஓய்வு,
லட்சக்கணக்கான வருடம்.
மேற்பார்வைக்கு ஆளில்லை.
பார்ப்பதற்குக் கண் என்ற ஒன்று
எந்த உயிருக்கும் முளைத்திருக்கவில்லை.

கண்ணில்லாத அந்த உயிர்கள் மூச்சு விட்டிருந்தன.
அந்த மூச்சு காற்றில் கூடிய பிறகுதான்
யுரேனியம் நீரில் கரைந்து, நகர்ந்து,
ஓரிடத்தில் சேர்ந்ததாம்.
அடுப்பை ஊதியது யார் என்று கேட்டால்
பாசி என்று சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஆலைக்குப் பின்னால் நிற்கும் கருங்கல் மலைக்கு
வயது இருபது கோடி இருக்குமாம்.
அந்த அடுப்பு அணைந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த கைக்குழந்தை.
அதன் காலடியில் நான்,
மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு.

குலை அவிக்கும் கலனில் ஹருன் வால்வைத் திருகினான்.
ஒன்று. இரண்டு. மூன்றாம் முறை ஆவி சீறியபோது
சிவநேசன் லோரி பாலத்தில் ஏறியது.

பத்து டன் நானூற்று எண்பது.
பின்கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர்
கயிறுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.
பின்னால் தார்ச்சாலையில்
புது டயரின் தடமும் ஈரத்தின் தடமும்
பிரிக்க முடியாமல்.

“பிரிவில் நிறுத்தபோது மழையா?”
“கொட்டியது. ஏன்?”
“அரைமணி இங்கேயே நிற்கட்டும்.”
“என்னையா சந்தேகப்படுற?”
நான் பதில் சொல்லவில்லை.
எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூரைக்கடியில் லோரி சொட்டியது.
அவன் இரண்டு சிகரெட் பிடித்து முடித்தான்.

பத்து டன் நானூற்று அறுபது.

இருபது கிலோ கிடைத்துவிட்டது.
இன்னொரு இருபது எங்கே என்று தெரியவில்லை.
மண் தின்றிருக்கலாம். தராசு சாய்ந்திருக்கலாம்.
அவனே எடுத்திருக்கலாம், அதையும் நினைத்தேன்.
‘எரிந்துவிட்டது’ என்று எழுத
எனக்குப் பிரான்சு அங்கி இல்லை.

காலையில் என்சிக் ரொஸ்லான் கட்டத்தைப் படித்தார்.
“மழையா?” என்றார்.
“பாதி” என்றேன்.