உலர் எடை

கிழமையில் இரண்டு தரம்
பெரியாஸ்பத்திரித் தராசில் ஏறுகிறேன்.
செருப்பைக் கழற்று, கைபேசியை வை, ஆடாமல் நில் என்று
யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.
பத்தொன்பது வருஷம் திருகோணமலைச் சந்தையில்
கருவாடு நிறுத்தவன்.

நாற்பத்தொன்பது, என்கிறாள் தில்ருக்ஷி மிஸ்.
உலர் எடை நாற்பத்தேழு.
மிச்சம் இரண்டு லீற்றரை மெஷின் உறிஞ்சும்.

உலர் எடை.
முதல்நாள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.
கட்டாவுக்கும் கீரிக்கும் நாங்கள் சொல்லுகிற சொல்.

இது பதினோராம் வருஷம்.
இரவில் முதலில் கைதான் எழும்பும், பிறகு நான்.
பெருவிரலும் பக்கத்து இரண்டும்
இறால் உரித்த மாதிரி எரியும்.
கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு உதறுவேன்.
தவமலர் விழித்துக்கொண்டுதான் கிடப்பாள்,
கேட்கமாட்டாள்.
தோளுக்கு மேல் கை போகாது.
சேட்டை மாட்டிவிட அவள், தெறி பூட்டவும் அவள்.
ஐந்து கிலோப் படியை ஒற்றைக் கையால் எடுத்த நான்
போன மாதம் கடைக்குப் போய்
ஐம்பது கிராம் படியை எடுக்கப் பார்த்து
மூன்று தரம் தட்டிவிட்டேன்.
மகன் நெத்தலிச் சாக்குப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நம்மட கை இப்ப நண்டுக்கால்தான் தம்பி,"
அடுத்த கட்டில் சபூர்தீன் நானா.
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்.

மணிக்கட்டை அறுத்த டொக்டர் சொன்னார்:
எல்லாவற்றையும் மெஷின் அள்ளாது.
ஒரு புரதம் மிஞ்சும், மூட்டில் போய்ப் படியும்.
உப்புத் தொட்டியின் அடியைச் சுரண்டியவனுக்கு
அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.
ஆனால் இரத்தத்தில் புரதம் போதாது என்கிறது
போன கிழமை றிப்போட்.
இருக்க வேண்டிய இடத்தில் இல்லை,
வேண்டாத இடத்தில் குவிந்து கிடக்கிறது.

ஆறு மாதமாக நாற்பத்தேழு. குறையவில்லை.
சந்தோஷப்பட்டோம். தவமலர் பத்திரகாளிக்கு நேர்த்தி வைத்தாள்.
நேற்று டொக்டர் காலை அமத்திப் பார்த்தார்.
விரல் எடுத்த பிறகும் குழி நின்றது.
"தசை போய்விட்டது. போன இடத்தில் தண்ணீர்.
தராசுக்கு அது தெரியாது."

எனக்குத் தெரியும்.
மாரியில் சரக்குக் குறைந்த நாட்களில்
விடியமுன் சாக்கை அவிழ்த்து
பாரைக் கருவாட்டுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.
கிலோவுக்கு நூறு கிராம்.
ஒருத்தரும் பிடிக்கவில்லை.
ஒரு மனிசி மட்டும், பாலையூற்றுப் பக்கம்,
ஒரு துண்டைக் கையில் வைத்து அமத்திப் பார்த்து
என் முகத்தையும் பார்த்து
பேசாமல் காசைத் தந்துவிட்டுப் போனாள்.

புது உலர் எடை நாற்பத்துமூன்றரை.
தில்ருக்ஷி பழையதை வெட்டி எழுதினாள்.

பதினோரு வருஷமாக எனக்கு முட்டையின் வெள்ளை,
மஞ்சள் அவளுக்கு.
கருவாடு வாசம் மட்டும்.
இன்றைக்கு சாப்பாட்டு மிஸ் துண்டில் எல்லாவற்றையும் வெட்டினாள்:
"ஐயா, இனி எது இறங்குதோ அதைச் சாப்பிடுங்கோ.
மஞ்சளும் சாப்பிடலாம்."

தவமலர் சந்தோஷமாக முழு முட்டை அவித்தாள்.
வெளியே கேற்றடியில் ஒரு மான்
பாண் சுற்றிய பேப்பரைச் சப்பிக்கொண்டு நின்றது.
இரண்டு கையாலும் முட்டையைப் பிடித்தேன்.
ஏன் விட்டார்கள் என்று
அவள் இன்னும் யோசிக்கவில்லை.
கடித்தேன்.
மஞ்சள் வாயில் மாவாய் ஒட்டியது.
விழுங்கத் தண்ணீர் வேண்டும்.
இன்றைய பங்கில் அரைக் கிளாஸ் இருக்கிறது.