குறிப்பு என்ற கட்டம்

சத்துவாச்சாரியில் மலையடித் தெருக்கள் என்னுடையவை.
ஒற்றைப்படை மாதங்களில்
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
வீட்டுக்காரர்கள் தெருவுக்குக் காட்டுவது கோலம்.
நான் பார்ப்பது பின்பக்கம்:
துவைக்கிற கல், குழாயடிச் சேறு,
சேற்றை உருட்டிக்கொண்டிருக்கும் குளவி.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் குறிப்பு.
இரண்டு விரல் அகலம்.
'நாய் உள்ளது', 'மீட்டர் ஓடவில்லை'
என்று எழுதுவதற்காகத் தந்தது.
அதில்தான் ஆரம்பித்தேன், பென்சிலில்,
ஆபீசுக்குள் நுழையுமுன் அழித்துவிடலாம் என்று.

இணைப்பு 88:
          முள்கத்திரிக்காய் மேல் எறும்பு.
          முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே
          எவ்வளவு அகலத் தெரு.

இணைப்பு 131:
          எல்லாவற்றுக்கும் தலையாட்டியது ஓணான்.
          எதற்கும் ஒப்பவில்லை.

140-இல் மதில் மேல் மயில்.
ஒன்றும் எழுதவில்லை.
ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்,
அதற்கும் அது தெரிந்த மாதிரிதான் நின்றது.

"இன்னாம்மா, யூனிட்டு எழுத இம்மா நேரமா?"
என்றார் 206 துளசிங்கம்.
அணில், என்றேன்.
"அணிலுக்கு இன்னா பில்லு?"

ஒரு வாரம் பேரணாம்பட்டுப் பக்கம் மாற்றுப்பணி.
முந்தின ராத்திரி தோப்பில் யானை இறங்கியிருந்தது.
வேலி படுத்துக் கிடக்க
காவல்காரர் வீட்டு மீட்டர் மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டு விரல் அகலத்தில் யானையை நிறுத்த
குடியாத்தம் வரை பஸ்ஸில் முயன்றேன்.
காது வெளியே நின்றது.
வேலூர் வந்து சேர்ந்தபோது மிஞ்சியது இவ்வளவு:
          லத்தி உலர்கிறது.
          உள்ளே மாங்கொட்டை
          ஈரமாக.

அப்புறம் மே.
மலைப்பாறை சூட்டைத் திருப்பித் தரும் பதினொரு மணி.
எஸ்தர் சுகந்தி வீட்டு மீட்டர் பெட்டிக்குக் கதவில்லை,
போன ஆடிக்காற்று கொண்டுபோயிருந்தது.
நேரே கையை விடப்போனேன்.
இரண்டு கண்.

கருஞ்சிட்டுப் பேடு.
தேங்காய் நார், நாய் முடி, ஒரு ரப்பர் பேண்டு,
எங்கள் துறையின் ஈயமுத்திரைக் கம்பி,
எல்லாம் சேர்த்து ஒரு மெத்தை.
எண்கள் அதன் முதுகுக்குப் பின்னால்.
மீட்டரின் சிவப்பு விளக்கு இமைக்க இமைக்க
அதன் விலா ஒருதரம் சிவந்தது, ஒருதரம் மங்கியது.
அது நகர்ந்தால் எனக்கு ரீடிங்.
நான் நகர்ந்தால் அதற்கு மூன்று முட்டை.
வெயிலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் ஆளில்லை, ஆஸ்பத்திரி டியூட்டி.
கதவே இல்லாத பெட்டிக்கு எதிரே
பேனாவால் எழுதினேன்:
          கதவு பூட்டி.

ஜூலையில் நாலு மாத யூனிட் ஒன்றாக விழுந்தது.
ஸ்லாப் தாண்டிவிட்டது.
எஸ்தர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்,
சீருடை மாற்றாமல்.
நடந்ததைச் சொன்னேன்.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.
வெறும் நார், கொஞ்சம் எச்சம்.
"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றாள்.
பணத்துக்குச் சொன்னாளா
குருவிக்குச் சொன்னாளா, தெரியவில்லை.
கூட்டை எடுத்துப் போடவும் இல்லை.

அடுத்த வீட்டுக்குப் போய்
பதிவேட்டைத் திறந்தால்
வியர்வைப் பக்கத்தில், குறிப்புக்குப் பக்கத்தில்,
ஒட்டிக்கொண்டிருக்கிறது
புள்ளிபோட்ட முட்டையோடு, நகத்தளவு.
ஊதிப் பார்த்தேன்.
போகவில்லை.